மீதி அறுபது லிட்டர்

நாகர்கோவில்
2 செப்டம்பர் 2024

திரு. பாவா அவர்களுக்கு,

இக்கடிதத்தை ஜஸ்னா உங்கள் கையில் நேரில் தருவாள். உறையைப் பிரித்ததும், மேற்கொண்டு படிப்பதற்கு முன், உங்கள் தாயார் கதீஜா உம்மாள் நினைவாகத் தெருமுனையில் நீங்கள் அமைத்த குடிநீர்க் குழாயை மூடிவிட்டு வாருங்கள். மூடிய பிறகு மீதியைப் படிக்கலாம். அதுவரை அவள் காத்திருப்பாள்.

இனிக் காரணம். உங்கள் தெருப் பெண் ஜஸ்னா என் மாணவி என்பதும், தக்கலையில் ஒரு மருத்துவப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள் என்பதும் உங்களுக்குத் தெரியும். அவளுக்குக் கவரிங் கம்மல் ஆகாது என்பது தெரிந்திருக்காது. நிக்கல் கலந்த எது தோலில் பட்டாலும் அவளுக்கு அரிக்கும், வெடிக்கும். ஏப்ரல் முதல் அவளுடைய விரல்கள் வெடித்துக் கிடக்கின்றன. கம்மல் போடாத காதும் சிவந்திருக்கிறது. வெளியூர் போய்ப் பத்து நாள் இருந்தால் அடங்குகிறது, வீடு திரும்பினால் தொடங்குகிறது. வேறொரு பெண்ணாக இருந்தால் களிம்போடு விட்டிருப்பாள். இவள் உங்கள் குழாயிலிருந்து ஒரு புட்டி நீர் பிடித்து என் மேசையில் வைத்தாள்.

லிட்டருக்கு 0.31 மில்லிகிராம் நிக்கல் இருக்கிறது. குடிநீரில் அனுமதிக்கப்பட்ட அளவு 0.02. மூன்று முறை அளந்தேன். மூன்றாம் முறை, கருவியில்தான் பிழை இருக்க வேண்டும் என்ற வேண்டுதலோடு அளந்தேன்.

உங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரைத் தனியே அளந்தேன். அதில் நிக்கல் இல்லை. ஆகவே அது நிலத்திலிருந்து வரவில்லை. நீரின் கடினத்தன்மையை நீக்க ரெசின் மணிகள் நிரப்பி நீங்கள் வைத்திருக்கும் தொட்டிக்குள் நுழைந்து வெளியே வரும் இடைவெளியில் அது சேர்கிறது. நம் மாவட்டத்தில் நிக்கலும் ரெசினும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் இடம் எனக்குத் தெரிந்து ஒன்றுதான். அது உங்கள் முலாம் பட்டறை. அங்கே, கழுவு நீரிலிருந்து நிக்கலைப் பிடிக்கும் ரெசின் கலத்தை 2019-இல் வடிவமைத்தவன் நான்.

ஒரே ஒரு கேள்வி. அந்தத் தொட்டியில் இருப்பது எந்த ரெசின்?

தொலைபேசியில் அழைக்க வேண்டாம், எடுக்க மாட்டேன். எழுதுங்கள். பேசினால் நீங்கள் என்னைச் சிரிக்க வைத்துவிடுவீர்கள். முப்பத்தெட்டு ஆண்டுகளாக அப்படித்தான் நடந்திருக்கிறது. இந்த முறை எனக்குச் சிரிக்க விருப்பமில்லை.

தாணுமாலயன்


குளச்சல்
4 செப்டம்பர் 2024

அன்புள்ள தாணு,

'திரு. பாவா அவர்களுக்கு' என்று பார்த்ததும் உறையைத் திருப்பிப் பார்த்தேன், வேறு எந்தப் பாவாவுக்காவது வந்த கடிதமோ என்று. குளச்சலில் பாவாக்களுக்குப் பஞ்சமில்லை. பிறகு கையெழுத்தைப் பார்த்தேன். வினாத்தாளில் எழுதுவது போன்ற அந்த நேர்க்கோட்டுக் கையெழுத்து உலகத்தில் ஒருவனுக்குத்தான் உண்டு.

குழாயை மூடிவிட்டேன். 'பழுது பார்க்கப்படுகிறது' என்று அட்டை எழுதித் தொங்கவிட்டிருக்கிறேன். குடத்தோடு வந்தவர்கள் திரும்பிப் போகும்போது என் வீட்டுச் சன்னலைப் பார்த்துக்கொண்டே போகிறார்கள்.

உன் கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறேன். பட்டறை ரெசின்தான். சனவரியில் கலத்துக்குப் புது ரெசின் போட்டபோது பழையதை வெளியே எடுத்தோம். நல்ல சரக்கு, உடையாத மணிகள். தூக்கிப் போட மனம் வரவில்லை. கழுவாமல் போட்டேன் என்று நினைக்காதே. புத்தளம் உப்பளத்துக் கல்லுப்பு இரண்டு மூட்டை கரைத்து மூன்று நாள் ஊறப்போட்டுக் கழுவினேன். முதல் நாள் பச்சையாக வடிந்தது, மூன்றாம் நாள் கண்ணாடி மாதிரி வந்தது. கழுவிய தண்ணீரைக்கூடத் தெருவில் விடவில்லை, பட்டறைக் கழிவுத் தொட்டியில்தான் விட்டேன். மணிகளில் கொஞ்சம் பச்சை மிச்சமிருந்தது உண்மை. பாசி என்று நினைத்தேன்.

உனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை, ஆனாலும் சொல்கிறேன். எங்கள் தெருத் தண்ணீரில் பருப்பு வேகாது. சோப்பு நுரைக்காது. உம்மா வாழ்நாள் முழுக்க இரண்டு தெரு தள்ளிப் போய்த் தண்ணீர் சுமந்து வந்து கஞ்சி வைத்தாள். மவுத்தாவதற்கு முந்தின வாரம் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "மக்கா, எனக்கு வேற ஒண்ணும் செய்யாண்டாம். இந்தத் தெருவுக்கு நல்ல தண்ணி குடு. குடிக்கியவ குடிக்கும்போ நன்மை எனக்கு வந்து சேரும்." அப்படிச் செய்ததுதான் அது. அதைத்தான் நோன்பு தொடங்கும் வாரத்தில் திறந்தோம். முதல் தம்ளரை நீயே குடித்தாய். 'பரிசோதித்தவர்: பேராசிரியர் தாணுமாலயன்' என்று பலகையில் எழுதியபோது நீ கூச்சப்பட்டாய். இப்போது அதே பலகையைக் காட்டித்தான் என்னைத் திட்டுவாய் என்று தெரியும்.

இதைத்தான் கேட்கிறேன். புது ரெசினுக்குச் சொல்லிவிட்டேன், பத்து நாளில் வரும். மாற்றிவிடுவோம். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை. உம்மா பெயர் அந்தச் சுவரில் இருக்கிறது, தாணு.

உன்
பாவா


நாகர்கோவில்
6 செப்டம்பர் 2024

திரு. பாவா அவர்களுக்கு,

ஒரு பொருள் உடைந்தாலோ தேய்ந்தாலோ அதைப் பழுது என்பார்கள். உங்கள் தொட்டியில் எதுவும் உடையவில்லை. எல்லாம் அதனதன் இயல்புப்படி மிகச் சரியாக வேலை செய்தது. அதுதான் கொடுமை.

நீங்களும் வேதியியல் படித்தவர். படித்ததை மறந்தவருக்குச் சொல்வது போலச் சொல்கிறேன். ரெசின் உலோகத்தை விழுங்குவதில்லை. விழுங்குகிறது என்று நினைப்பவர்கள்தாம் அது ஒருநாள் செரித்துவிடும் என்றும் நினைப்பார்கள். ஒவ்வொரு மணியும் ஒரு கல்யாணப் பந்தி. இலைகளின் எண்ணிக்கை கூடாது, குறையாது. எந்த இலையும் காலியாகக் கிடக்காது. ஒருவர் எழுந்தால்தான் இன்னொருவர் அமர முடியும். உங்கள் பட்டறையில் சோடியம் எழுந்தது, நிக்கல் அமர்ந்தது. அதற்காகத்தான் கலத்தை வைத்தேன். உப்புக் கரைசலை ஊற்றினீர்கள். சோடியம் பெருங்கூட்டமாக வந்து ஓரத்து இலைகளைப் பிடித்துக்கொண்டது. மணியின் உள்ளே அமர்ந்திருந்த நிக்கல் அசையவில்லை. வடிந்த நீர் தெளிந்ததற்குப் பொருள், உப்பால் எடுக்க முடிந்தது முடிந்துவிட்டது என்பது மட்டுமே. அதை நீங்கள் நிக்கல் தீர்ந்துவிட்டது என்று வாசித்தீர்கள். அதை எடுக்க அமிலம் வேண்டும். அமிலத்தால் எடுத்த பிறகும் அந்த ரெசின் குடிநீரின் பக்கம் போகக் கூடாது.

பிறகு அந்த மணிகளின் மேல் உங்கள் தெருவின் கடின நீரைப் பாய்ச்சினீர்கள். அந்த நீரில் கால்சியம் நிறைந்திருக்கிறது. இவ்வகை ரெசினில் கால்சியத்தின் பிடி நிக்கலின் பிடியைவிட வலுவானது. கால்சியம் வந்து அமர அமர, நிக்கல் எழுந்து குடத்துக்குள் போயிற்று. உங்கள் தெருத் தண்ணீர் எவ்வளவு கடினமோ அவ்வளவு ஒழுங்காகப் போயிற்று. நோன்பு மாதம் முழுவதும் பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சியது அந்த நீரில்தான். குடித்தவுடன் யாரும் விழுந்துவிடும் விஷம் அல்ல இது. ஆறு மாதம் தெரியாமல் குடித்தார்கள் என்பதுதான் இது.

என் பெயர் அந்தப் பலகையில் இருப்பதை நான் மறக்கவில்லை. பன்னிரண்டு இனங்களைப் பரிசோதித்துக் கையெழுத்திட்டேன். நிக்கல் அவற்றில் இல்லை. குடிநீரில் நிக்கலைத் தேட வேண்டிய காரணம் எதையும் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

உறையில் டைமெத்தில் கிளையாக்ஸைம் கரைசல் ஒரு சிறு புட்டியில் வைத்திருக்கிறேன். தொட்டியிலிருந்து ஒரு குடம் நீர் எடுங்கள். இரண்டு சொட்டு அமிலம் விட்டு, ஒரு தம்ளராகச் சுண்டும் வரை காய்ச்சுங்கள். ஆறியபின் அம்மோனியா சேர்த்து இதை விடுங்கள். நிக்கல் இருந்தால் சிவக்கும். இரண்டாம் ஆண்டு செய்முறை வகுப்பில் நாம் இருவரும் ஒரே மேசையில் செய்த சோதனைதான். என் எண்களை நம்ப வேண்டாம், உங்கள் கண்களால் பாருங்கள்.

இறுதியாக ஒன்று. கலத்தை வடிவமைத்தவன் என்பதால் அதன் கொள்ளளவு எனக்குத் தெரியும். நூற்றைம்பது லிட்டர் ரெசின். தெருக்குழாய்த் தொட்டியில் தொண்ணூறுக்கு மேல் கொள்ளாது. மீதி அறுபது லிட்டர் எங்கே?

தாணுமாலயன்


குளச்சல்
10 செப்டம்பர் 2024

தாணு,

காய்ச்சினேன். என் வீட்டு அடுப்பில், உம்மாவின் பித்தளைப் பானையில் காய்ச்சலாம் என்று எடுத்துவிட்டு, பித்தளையில் நிக்கல் இருந்து நீ அதற்கும் ஒரு கடிதம் எழுதிவிடப் போகிறாய் என்று பயந்து கண்ணாடிப் பாத்திரம் வாங்கி வந்தேன். நாள் முழுக்கக் காய்ந்தது. மருமகள் ரிஸ்மா, "மாமா, தண்ணிய எதுக்கு வறுக்கிய?" என்று கேட்டாள்.

புட்டியைச் சாய்த்தேன். முதலில் ஒன்றுமில்லை. நீ தோற்றுவிட்டாய் என்று ஒரு கணம் சந்தோஷப்பட்டேன், மறைக்கவில்லை. பிறகு நடுவிலிருந்து ஒரு ரோஜாச் சிவப்பு விரிந்தது. இரண்டாம் ஆண்டில் அந்தச் சிவப்பைப் பார்த்து நாம் கை தட்டினோம், நினைவிருக்கிறதா? தேர்வில் நிக்கல் வந்தால் தப்பித்தோம் என்று அர்த்தம். ரிஸ்மா என் தோளுக்குப் பின்னால் நின்று, "நல்ல கலர் மாமா" என்றாள். அவளுக்கு இது ஐந்தாம் மாதம். அதை நான் எழுதாமல் இருந்திருக்கலாம். எழுதிவிட்டேன்.

மறுநாள் அவளை மருத்துவரிடம் அழைத்துப் போய் உள்ளதைச் சொன்னேன். பயப்பட ஒன்றுமில்லை, தண்ணீரை மாற்றுங்கள் என்றார். மருத்துவரிடம் சொல்ல முடிந்தது எனக்கே ஆச்சரியம்.

மீதி அறுபது லிட்டர். தொட்டியைப் பொருத்திய பிளம்பர் பெனிஷ் கேட்டான், கொடுத்தேன். புதுக்கடை ஊர்க்காரன், நல்ல வேலைக்காரன். வீடுகளில் கடின நீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் பொருத்துவான், ஒரு வீட்டுக்குப் பதினைந்து லிட்டர் போதும். மே மாதம் அவன் துபாய் போய்விட்டான். உன் கடிதம் வந்த அன்றே அவனிடம் பேசினேன். "அண்ணே, நாலு வீட்டுக்குப் போட்டேன். மூணு வீடு நல்ல ஓர்மை உண்டு. நாலாவது வீடு... புதுக்கடைக்கும் தேங்காப்பட்டணத்துக்கும் எடையில எங்கயோ, கேட்டியளா, வாசல்ல ஒரு அயினி மரம் நின்னுச்சு" என்கிறான். அந்தப் பக்கம் அயினி மரம் இல்லாத வாசல் எது, சொல். மூன்று வீடுகளுக்கும் நானே போனேன். சாஃப்ட்னரை நிறுத்தி, ரெசினைச் சாக்கில் அள்ளி, பட்டறைக்குக் கொண்டுவந்து டிரம்மில் மூடி வைத்துவிட்டேன். மூன்று வீட்டிலும் 'தரம் சரியில்லை, மாற்றித் தருகிறேன்' என்றுதான் சொன்னேன்.

நாலாவது வீட்டுக்கு வழி தெரியவில்லை. இரண்டு நாள் பைக்கில் அலைந்தேன்.

உன் மனதில் என்ன ஓடுகிறது என்று தெரியும். ஊரறியச் சொன்னால்தான் அந்த வீடு அகப்படும். சொல்கிறேன் என்றும் இல்லை, மாட்டேன் என்றும் இல்லை. கதீஜா உம்மாளின் தண்ணீரில் உலோகம் இருந்தது என்று ஒலிபெருக்கியில் என் வாயால் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு அந்தத் தெருவில் அவள் பெயரை எப்படிச் சொல்வார்கள்? அந்த ஒன்றுதான் என்னைத் தடுக்கிறது.

இன்னொன்றும் உண்டு. பிப்ரவரியில் நடந்தது. அதை நான் எழுத மாட்டேன்.

பாவா


நாகர்கோவில்
12 செப்டம்பர் 2024

பாவா,

நீ எழுத மாட்டேன் என்றதை நான் கண்டுபிடித்துவிட்டேன்.

அன்றன்று நடந்ததை நாட்குறிப்பில் எழுதி வைப்பவன் நான் என்று நீ பலமுறை கேலி செய்திருக்கிறாய். பிப்ரவரி பக்கங்களைப் புரட்டினேன். பதினான்காம் தேதி, விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த நாள். அதில் என் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: 'பாவா அழைத்தான். அரை மணி நேரம் சிரிப்பு. பழைய ரெசினைக் கழுவினால் தண்ணீர் சாஃப்ட்னருக்கு ஆகுமா என்று கேட்டான். உப்புக் காட்டினால் புதிதாகிவிடும், தாராளமாக ஆகும் என்றேன்.'

இந்த மூன்று வரிகளை இதுவரை ஐம்பது முறை படித்திருப்பேன். என்ன ரெசின் என்று நான் கேட்கவில்லை. எங்கே கிடந்தது, எதைப் பிடித்துக்கொண்டிருந்தது என்று கேட்கவில்லை. ஒரு மாணவன் இப்படிப் பதில் எழுதியிருந்தால் அன்று என் கையிலிருந்த சிவப்புப் பேனாவால் அந்தப் பக்கம் முழுவதையும் அடித்திருப்பேன். கேள்வியை முழுதாகப் படிக்காமல் விடை எழுதுபவனுக்கு நான் முப்பது ஆண்டுகளாகச் சுழியம் கொடுத்து வருகிறேன். 'யாரும் எனக்குச் சொல்லவில்லை' என்று போன கடிதத்தில் உனக்கு எழுதினேன். அந்த வாக்கியம் பொய்யாகிவிட்டது.

நீ இதை முதல் கடிதத்திலேயே என் முகத்தில் எறிந்திருக்கலாம். ஏன் எறியவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிவதால் என் கோபம் தணியவில்லை. இதுவரை உன்மேல் மட்டும் இருந்தது, இப்போது இருவர்மேலும் இருக்கிறது. அவ்வளவுதான் மாற்றம்.

நாலாவது வீட்டில் இப்போதும் யாரோ அதைக் குடித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த வீட்டைக் கண்டுபிடிக்கும் வழி ஒன்றே. உன் தயக்கமும் என் வெட்கமும் அதற்குக் குறுக்கே நிற்க இடமில்லை. இருபதாம் தேதி வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் ஜும்ஆ தொழுகை முடிந்ததும் ஐந்து நிமிடம் கேட்டு வாங்கு. ஒலிபெருக்கி வெளியேயும் கேட்க வேண்டும். வீட்டிலிருக்கும் பெண்கள்தாம் அந்த நீரைக் காய்ச்சியவர்கள், முதலில் அறிய வேண்டியவர்களும் அவர்களே. நான் வருவேன். என்னைக் கேட்டுத்தான் செய்தாய் என்று சொல். நானும் சொல்வேன்.

தாணு


குளச்சல்
15 செப்டம்பர் 2024

தாணு,

'பாவா' என்று மட்டும் எழுதியிருக்கிறாய். கோபம் தணியவில்லை என்றும் எழுதியிருக்கிறாய். இருக்கட்டும், அவர்களுக்கு, இவர்களுக்கு என்பதைவிட இந்தக் கோபம் மேல்.

ஆனால் நீ சொன்னபடி நான் சொல்ல மாட்டேன். உன் நாட்குறிப்பில் பாதிதான் இருக்கிறது. மறுபாதி என்னிடம் இருக்கிறது.

அன்று நான் 'பழைய ரெசின்' என்றேன். 'பட்டறை ரெசின்' என்று நாக்கு நுனி வரை வந்தது. வந்ததை விழுங்கினேன். பட்டறை என்று சொன்னால் நீ வேண்டாம் என்று சொல்லிவிடுவாய் என்று தெரியும். அப்போது சரக்குத் தட்டுப்பாடு, புது ரெசின் வந்து சேர ஆறு வாரம் ஆகும் என்றார்கள். நோன்புக்குள் திறக்க வேண்டும் என்று உம்மாவின் படத்துக்கு முன்னால் நின்று எனக்கு நானே சொல்லிவைத்திருந்தேன். அதனால் உன்னைச் சிரிக்க வைத்துவிட்டு, சிரிப்பின் நடுவே கேட்டேன். நீ ஆகும் என்றாய். நான் போனை வைத்தேன். நீ மேற்கொண்டு எதையாவது கேட்டுவிடுவதற்குள் வைத்தேன்.

இதுதான் நான் எழுத மாட்டேன் என்று சொன்னது. உன் தவறைக் காப்பாற்றினேன் என்று நீ நினைத்துக்கொண்டாய். இல்லை மக்கா. என்னுடையதைத்தான் காப்பாற்றினேன்.

ஆகவே வெள்ளிக்கிழமை நானே சொல்கிறேன். எழுதி வைத்திருக்கிறேன், நகலை இத்துடன் அனுப்புகிறேன். நீ திருத்தாமல் விடமாட்டாய். உம்மா பெயரை மறைக்கவில்லை. முதல் வரியே அவள் பெயர்தான். நல்ல தண்ணீர் கொடு என்று கேட்டவளிடம் நான் அவசரத்தைக் கொடுத்தேன். அதை அவள் பெயருக்குப் பின்னால் ஒளித்து வைக்க முடியாது.

பாவா


நாகர்கோவில்
17 செப்டம்பர் 2024

பாவா,

உன் கடிதத்தை ஒரு நாள் முழுக்க மேசையில் வைத்திருந்தேன். சொல்ல நிறைய இருக்கிறது. எதுவும் வெள்ளிக்கிழமைக்கு உதவாது.

திருத்தங்கள். 'சிறு குறைபாடு' என்பதை அடித்துவிட்டேன். 0.31 என்றும், இருக்க வேண்டியது 0.02 என்றும் சொல். 'யாருக்காவது தொந்தரவு ஏற்பட்டிருந்தால்' என்பதையும் அடித்தேன். ஏற்பட்டிருக்கிறது, அவள் பெயர் ஜஸ்னா, சொல்ல அவள் சம்மதித்திருக்கிறாள். தோல் வெடிப்பு உள்ளவர்கள் அவளிடம் வந்து சொல்லலாம். நாலாவது வீட்டுக்காரர் அடையாளம் காண வேண்டியதை நீ எழுதவே இல்லை. அதைச் சேர்த்திருக்கிறேன்: புது ரெசின் தேன் நிறத்தில் இருக்கும். உங்கள் வீட்டு சாஃப்ட்னரில் மணிகள் பச்சையாக இருந்தால் அது பாசி அல்ல. குழாயை மூடிவிட்டு எங்களைக் கூப்பிடுங்கள்.

இறுதியில் உன் எண்ணும் என் எண்ணும் இருக்கட்டும். அந்நியர் அழைத்தால் தொலைபேசியை எடுப்பேன்.

பிப்ரவரி பற்றி நீ எழுதியது உண்மையாக இருக்கலாம். நீ மறைத்தது உன்னுடையது. நான் கேட்காதது என்னுடையது. ஒன்று மற்றொன்றைக் கழித்துவிடாது.

தாணு


குளச்சல்
1 அக்டோபர் 2024

அன்புள்ள தாணு,

வெள்ளிக்கிழமை நீ பள்ளிவாசலில் கைகால் கழுவும் ஹவுளுக்குப் பக்கத்தில் நின்று நான்கே வாக்கியம் பேசிவிட்டு, தேநீர்கூடக் குடிக்காமல் பஸ் ஏறிவிட்டாய். அதன்பின் நடந்தது உனக்குத் தெரியாது.

நான் சொல்லி முடித்ததும் மீன் ஏலம் பார்க்கும் நௌஷாத், என் வாப்பாவின் கூட்டாளியின் மகன், எல்லாரும் கேட்கத்தான் சொன்னான். "ஏலே பாவா, உங்க உம்மா கஞ்சிக்கு உப்புதாம்ல போடுவா. நீ நிக்கலும் சேத்துப் போட்டியா?" யாரோ சிரித்தார்கள். சிரிக்காத இருவர் என் சட்டையைப் பிடித்தார்கள். பிடிக்கட்டும் என்று நின்றேன். ஒருவருக்கு ஆறு மாதமாகக் கழுத்தில் அரிப்பு, மருந்து மாற்றி மருந்து. அவரை ஜஸ்னாவிடம் அனுப்பினேன். இதுவரை ஒன்பது பேர் போயிருக்கிறார்கள். மூன்று பேருக்கு நிக்கல்தான் காரணமாக இருக்கலாம் என்கிறாள். தோல் மருத்துவரிடம் நான் கூட்டிப் போகிறேன்.

மறுநாள் குழாய்ச் சுவரில் உம்மா பெயர் பொறித்த கல்வெட்டை நானே பெயர்த்தேன். பெயர்த்து வீட்டுக்குக் கொண்டுவரும் வழியில் ஜஸ்னாவின் உம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "கல்ல எங்க கொண்டு போறிய, பாவா காக்கா?" என்றாள். இதற்கு இனித் தகுதியில்லை என்றேன். "தண்ணிய மாத்தச் சொன்னா பேர மாத்துதியளா? கதீஜாம்மா என்ன தப்பு செஞ்சா? கல்ல அங்க வச்சிட்டு ஒழுங்கா தண்ணிய விடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். வெடித்த விரல்களுக்கு ஆறு மாதம் களிம்பு பூசிவிட்டவள் அவள்தான். கல்லைச் சுமந்துகொண்டு திரும்ப நடந்தேன்.

நாலாவது வீடு கிடைத்துவிட்டது.

அறிவிப்பை யாரோ கைப்பேசியில் பதிந்து ஊரெல்லாம் அனுப்பியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒருவர் ஹார்லிக்ஸ் புட்டி நிறையப் பச்சை மணிகளோடு பட்டறை வாசலில் நின்றார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஜெபமணி. வாசலில் அயினி மரம் உண்டாம், கேட்டுவிட்டேன். "ஓய், இது பாசியாக்கும்னு நெனச்சு மாசம் ரெண்டு தடவ பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவுதேன். பாசி போவல்ல. பவுடர்லதான் கள்ளம்னு கடைக்காரன்ட்ட சண்டையும் போட்டாச்சு. இப்ப அவன்ட்ட நான் போய் மன்னிப்புக் கேக்கணும். நீரும் கூட வாரும்" என்றார். போனேன். கடைக்காரரிடம் இருவரும் மன்னிப்புக் கேட்டோம். அவருக்குக் கடைசி வரை எதற்கென்று புரியவில்லை.

அவர் வீட்டுச் சரக்கையும் அள்ளிவிட்டேன். தெருத் தொட்டி தொண்ணூறு, நான்கு வீடுகள் அறுபது. நூற்றைம்பது லிட்டரும் டிரம்மில் பூட்டிக் கிடக்கிறது. அபாயக் கழிவு எடுப்பவர்களுக்கு எழுதிவிட்டேன். எடுத்ததும் ரசீதை உனக்கு அனுப்புகிறேன், நீ கேட்பதற்குள்.

புது ரெசின் குடிநீருக்கென்றே செய்தது, முத்திரை உடையாமல் வந்தது. ஜஸ்னா முன்னால் உடைத்தேன். ஒரு குடம் காய்ச்சித் தம்ளராக்கி நீ அனுப்பிய புட்டியில் மிச்சமிருந்ததை விட்டேன். நானும் ரிஸ்மாவும் ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். நிறம் வரவில்லை. "இன்னும் கொஞ்சம் பாப்போம் மாமா" என்று அவள்தான் சொன்னாள். இன்னொரு மணி நேரம் பார்த்தோம். அந்தத் தம்ளர் நீரில் பாதியை ஜஸ்னா புட்டியில் அடைத்து உனக்குக் கொண்டுவருகிறாள். நீயும் பார்.

குழாயை இன்னும் திறக்கவில்லை. உன் எண் வரட்டும்.

பாவா


நாகர்கோவில்
5 அக்டோபர் 2024

அன்புள்ள பாவா,

நிறம் வரவில்லை. கருவியில் அளந்தேன், அது காணக்கூடிய குறைந்தபட்ச அளவுக்கும் கீழே. இம்முறையும் மூன்று முறை அளந்தேன்.

குழாயைத் திற. பலகையில் என் பெயரை அழித்துவிடு. அந்த இடத்தில் கரும்பலகைத் துண்டு ஒன்றைப் பதி. மாதந்தோறும் ஜஸ்னா நீர் எடுத்து அளந்து, எண்ணைச் சாக்குக்கட்டியால் அதில் எழுதுவாள். முதல் வரி நிக்கல். எழுதாத மாதம் குழாய் மூடியிருக்கும். இதை அவளிடம் பேசிவிட்டேன். அவளுடைய நிபந்தனை ஒன்று உண்டு, உன்னிடமிருந்தும் என்னிடமிருந்தும் எந்த விளக்கமும் கேட்க மாட்டாளாம், எண் சொல்வதை மட்டும்தான் கேட்பாளாம். ஒப்புக்கொண்டேன். அவளுடைய விரல்கள் ஆறி வருகின்றன.

மற்ற மூன்று வீடுகளுக்கும் 'தரம் சரியில்லை' என்று சொல்லியிருக்கிறாய். அங்கே போய் உள்ளதைச் சொல். நானும் வருகிறேன். புதன்கிழமை எனக்கு வகுப்பு இல்லை.

இனிக் கடிதம் எழுத வேண்டாம். இதை ஜஸ்னா இன்றே உன் கையில் தருவாள். நாளை ஞாயிறு, காலை பத்து மணிக்குத் தொலைபேசியை எடுப்பேன். சிரிக்க வைத்தால் சிரிப்பேன். ஆனால் எதையாவது கேட்டால் உடனே பதில் வராது. என்ன ரெசின், எங்கே கிடந்தது, எதைப் பிடித்திருந்தது என்று முதலில் நான் கேட்பேன். அதுவரை நீ போனை வைக்கக் கூடாது.

தாணு